கப்பித்தான் பேசிய கேசட்

தூத்துக்குடி
12.8.1976

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள அத்தானுக்கு மெட்டில்டா எழுதுவது. மாமி, உங்கள் தங்கை விக்டோரியா, மகள் சலேத், நான் எல்லோரும் மாதா கிருபையால் சுகம். துபாய் வெயில் உங்களைப் படுத்தாமல் இருக்கிறதா? வயிற்று வலி மறுபடி வந்ததா? மறைக்காமல் எழுதுங்கள்.

பனிமய மாதா திருவிழா நல்லபடியாக முடிந்தது. அது போகட்டும். உங்களுக்கு எழுதச் சொல்லி மாமி விக்டோரியாவை நச்சரிக்கிறார்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். கிளிக்கூண்டைத் திறந்து விட மாட்டேன்.

நீங்கள் பம்பாய்க்கு ரயிலேறும் முன் வாங்கித் தந்த குஞ்சு அது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் தோரணையைப் பார்த்துக் கப்பல் ஓட்டும் கப்பித்தான் என்று பெயர் வைத்தீர்களே, இப்போது கழுத்தில் ரோஸ் நிற ஆரம் விழுந்து, பெயருக்கேற்ற ஆளாகிவிட்டது. பேச்சும் தெளிந்துவிட்டது. மீன்காரி சண்முகத்தாய் போல "சாள, சாள" என்று கூவுகிறது. மாமி குரலில் "ஏளா மெட்டில்டா, உலை கொதிக்குது பாரு" என்று அதட்டுகிறது. நானும் எத்தனையோ தடவை ஏமாந்து அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன். எல்லாச் சொல்லையும் அது பிடிப்பதில்லை. ஆசையாகச் சொல்வதையும் ஆத்திரமாகச் சொல்வதையும் மட்டும்தான் பிடிக்கிறது. அரிசி விலையைப் பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சலேத்துக்கு நாலு வயது முடிந்துவிட்டது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. சாயங்காலமானால் அவளை மடியில் வைத்து, "அப்பா வாங்க, அப்பா வாங்க" என்று சொல்லிக் கொடுக்கிறேன். பக்கத்தில் கூண்டுக்குள் இருந்த கப்பித்தான் அதைப் படித்துக்கொண்டது. சின்னப் பிள்ளை போலக் குழைந்து சொல்கிறது.

அது மாமி காதில் விழுந்தது. "ஏளா, கூட்டைத் தொறந்து விடு. அந்தப் பச்சைச் சனியன் பிள்ளை நாக்கைப் புடுங்கித் தின்னுட்டு" என்றார்கள். நாக்கில் வசம்பு தேய்த்தாகிவிட்டது, உவரி அந்தோனியாருக்கு நேர்ந்தாகிவிட்டது. இனிக் கிளிதான் பாக்கி என்கிறார்கள்.

வாயில்லாத ஜீவன் மேல் பழி போடலாம். இது வாயுள்ள ஜீவன், இதன் மேலும் போடுவதா? திறக்க மாட்டேன் அத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மெட்டில்டா


துபாய்
10.9.1976

அன்புள்ள மெட்டில்டாவுக்கு, நலம். அங்கும் அப்படியே இருக்க ஆண்டவரைக் கேட்கிறேன். வயிற்று வலி இல்லை. கூட இருக்கும் காயல்பட்டினத்து மூஸா நெய்னா நன்றாகச் சமைக்கிறார்.

துறைமுகத்தில் வேலை நெருக்கடி. சரக்கு இறக்க முடியாமல் கப்பல்கள் வெளியே வரிசையாக நிற்கின்றன. சரக்குத் தூக்கும் விஞ்சில் ஏறினால் இரும்பு கையைச் சுடுகிறது. துணி சுற்றிக்கொண்டு பிடிக்கிறேன்.

அம்மாவோடு மல்லுக்கு நிற்காதே. வயசானவர்கள். ஒரு கிளிக்காக வீட்டில் சண்டை வேண்டாம். பிள்ளை தானாகப் பேசும். நானே லேட்டாகப் பேசியவன்தான் என்று அம்மா சொல்லுவார்கள்.

ஊருக்கு வரும் ஒருவர் கையில் டேப் ரிக்கார்டர் கொடுத்து விட்டிருக்கிறேன். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும். வீட்டுச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது. எல்லோரும் பேசிப் பதிந்து, அவர் திரும்பும்போது கேசட்டைக் கொடுத்துவிடு. இங்கே அவரவர் பிள்ளைகள் பேசுவதைப் போட்டுக் கேட்கிறார்கள். எனக்கும் ஆசையாக இருக்கிறது.

அம்மாவிடம் சுகம் கேட்டதாகச் சொல்.
கிளாட்வின்


தூத்துக்குடி
21.10.1976

அத்தானுக்கு, உங்கள் கடிதமும் டேப் ரிக்கார்டரும் பத்திரமாக வந்தன. இங்கு மழை தொடங்கிவிட்டது. மாமிக்கு மூட்டு வலி, தைலம் தேய்த்துவிடுகிறேன். மற்றபடி சுகம்.

சுகம் என்று எழுதிவிட்டு இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சலேத்துக்குக் காது கேட்கவில்லை.

போன மாதம் ஒரு நாள் பூனை ஒன்று கூண்டு மேல் பாய்ந்தது. கப்பித்தான் போட்ட அலறலில் மாமி கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. விக்டோரியா மாடியிலிருந்து ஓடி வந்தாள். தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். கூண்டுக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து சிப்பி அடுக்கிக்கொண்டிருந்த சலேத் மட்டும் திரும்பவே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்னவோ என்று திரும்பினாள்.

அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். பிறவியிலேயே கேட்கவில்லை என்றார். கேட்டிராத சொல்லை எப்படிப் பேசுவாள்? கப்பித்தான் அவள் நாக்கைப் பறிக்கவில்லை அத்தான். நமக்கெல்லாம் தெரியாமல் இருந்ததை அதுதான் காட்டிக் கொடுத்தது. அது பேசும்போது தொண்டையில் இறகு துடிக்கும். சலேத் அதையே உற்றுப் பார்த்துவிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்க்கிறாள். அறிவில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"அப்பன் செவிடு, பேத்தியும் செவிடு" என்கிறார்கள் மாமி. என் அப்பாவுக்குக் காது போனது முத்துக்குளிப்பில். ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்தது. கடல் கிழித்த காது பேத்திக்கு இறங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்பாவோடு கையாலும் முகத்தாலும் பேசி வளர்ந்தவள் நான். எனக்கு இது பயமில்லை. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜூனில் சேர்க்கலாம் என்றார்கள்.

கேசட் அனுப்பியிருக்கிறேன். முதலில் மாமி ஜெபம் சொல்லுகிறார்கள், பிறகு விக்டோரியா. "அப்பா வாங்க" என்று சொல்வது கப்பித்தான். நடுவில் தரையைத் தட்டிச் சிரிப்பதுதான் உங்கள் மகள்.

பதில் உடனே எழுதுங்கள்.
மெட்டில்டா


துபாய்
25.11.1976

அன்புள்ள மெட்டில்டாவுக்கு, எல்லோரும் சுகமா? அம்மாவின் மூட்டு வலிக்கு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

கேசட் கிடைத்தது. அம்மா குரலைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. ரூமில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ரிக்கார்டிங் தெளிவாக இருக்கிறது. ரொம்பச் சந்தோஷம்.

அங்கே மழை எப்படி? கூரையில் ஓடு மாற்றச் சொல்லியிருந்தேனே, மாற்றியாயிற்றா? இங்கே இரவில் குளிர ஆரம்பித்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை.
கிளாட்வின்


தூத்துக்குடி
27.12.1976

அத்தானுக்கு, கிறிஸ்மஸ் வாழ்த்துகள். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஓடு மாற்றியாயிற்று. மழையும் நின்றுவிட்டது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நான் எழுதியதற்கு ஒரு வரி பதில் எங்கே? கடிதத்தில் அந்தப் பக்கம் மட்டும் நனைந்து போயிற்றா?

இங்கே நடந்ததைக் கேளுங்கள். போன ஞாயிறு நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் மாமி கூண்டைத் திறந்து விட்டார்கள். திரும்பி வந்தால் தெருவே கூடி நிற்கிறது. கப்பித்தான் எதிர்வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடியில் உட்கார்ந்து, மாமி குரலில், "ஏளா மெட்டில்டா, உலை கொதிக்குது பாரு" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துகிறது. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். ஒருவர் கம்பை எடுத்து வந்தார். சத்தம் கூடக் கூட அது மிரண்டு மேலே மேலே போனது. சலேத் ஒரு துண்டு கொய்யாவை நீட்டியபடி அசையாமல் நின்றாள். கத்தாமல் நின்ற ஆள் அந்த இடத்தில் அவள் ஒருத்திதான். கப்பித்தான் வட்டமடித்து நேராக வந்து அவள் தோளில் இறங்கியது. கம்பு கொண்டு வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

மாமியிடம் சொல்லிவிட்டேன்: "இன்னொரு தடவை தொறந்தா, கிளியோட சேந்து நானும் பிள்ளையும் போயிருவோம்."

இது மிரட்டல் இல்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.
மெட்டில்டா


துபாய்
30.1.1977

மெட்டில்டாவுக்கு, ஆண்டவர் நம் எல்லோருக்கும் பொறுமை தரட்டும். எனக்கு நலம்.

பள்ளிக்கூட விஷயம் பற்றி யோசித்தேன். விக்டோரியாவுக்கு வீரபாண்டியன்பட்டினத்தில் ஒரு நல்ல இடம் பேச்சு நடக்கிறது என்று அம்மா எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பது தெரிந்தால் தட்டிப்போகும் என்று பயப்படுகிறார்கள். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டாம். பிள்ளையை வெளியே அதிகம் கொண்டு போகாதே. ஒரு வருஷத்தில் என்ன குறைந்துவிடும்?

மூஸா நெய்னா லீவில் வருகிறார். அம்மாவுக்கு மருந்தும் துணிமணியும் கொடுத்து விடுகிறேன். வீட்டுக்குள் உட்கார வைக்க வேண்டாம், அவருக்கு அவசரம். வாசலிலேயே வாங்கிக்கொள்.

கிளாட்வின்


தூத்துக்குடி
16.3.1977

அத்தானுக்கு, இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மூஸா நெய்னா வந்தார். காயல்பட்டினத்திலிருந்து இவ்வளவு தூரம் சுமந்து வந்த மனிதரை வாசலில் நிற்க வைத்து அனுப்ப எனக்குத் தெரியாது. காக்கா என்று அண்ணன் முறை சொல்லி உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். மாமியைப் பார்த்து, "வேலைக்கு ஒரு பங்கமும் இல்ல, சொகமா இருக்காரு" என்றார். பிறகு கையில் மிட்டாய் டப்பாவை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒங்க மவ எங்க, தங்கச்சி? எங்க ரூமுக்கே அவ செல்லம். வெள்ளிக்கிழமையானா கிளாட்வின் அந்தக் கேசட்டைப் போடுவாரு. 'அப்பா வாங்க'ன்னு அந்தப் புள்ள சொல்லுத அழகு இருக்கே! என் காதால ஒருதடவ நேருல கேக்கணும்னு வந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து கப்பித்தான், "அப்பா வாங்க, அப்பா வாங்க" என்றது. சிரித்தபடி திரும்பியவர் பின்வாசல் வழியாகக் கூண்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து சலேத் அவர் காலருகே வந்து, டப்பாவில் இருந்த படத்தைக் காட்டி, அவளுக்கு வரும் சத்தத்தில் ஏதோ கேட்டாள்.

அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. டப்பாவை அவள் கையில் கொடுத்தார். தலையைத் தடவினார். "நான் யாருட்டயும் வாயத் தொறக்க மாட்டேன் தங்கச்சி" என்றார்.

"நீங்க தொறக்க வேண்டாம் காக்கா. தொறக்க வேண்டிய ஆளு அங்க இருக்காரு" என்றேன்.

கிளிப்பேச்சு என்று தெளிவாக எழுதித்தானே அனுப்பினேன்? தரையைத் தட்டிச் சிரித்தவள்தான் மகள் என்றும் எழுதினேனே? அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் என்ன செய்தீர்கள்? கேட்காதபடி கேசட்டை முன்னால் ஓட்டிவிட்டீர்களா? பிள்ளையைக் கொல்லைப்புறத்தில் ஒளித்து வைக்கப் பார்க்கிறார்கள் மாமி. நீங்கள் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு அவள் இடத்தில் ஒரு பறவையை உட்கார வைத்துவிட்டீர்கள்.

ஜூனில் சலேத் பள்ளிக்கூடம் போவாள். கேட்டு எழுதவில்லை, தெரிவிக்க எழுதுகிறேன்.
மெட்டில்டா


தூத்துக்குடி
19.6.1977

அன்புள்ள அண்ணனுக்கு விக்டோரியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. அம்மா சுகம். மதினியும் சலேத்தும் பாளையங்கோட்டையில் சுகம்.

நாலு மாதமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. மதினி தபால்காரரைப் பார்த்தால் இப்போது எழுந்து போவதுகூட இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வீரபாண்டியன்பட்டினத்தார் பெண் பார்க்க வந்தார்கள். சலேத்தை அடுக்களைக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்கள் அம்மா. "அவ எதுக்கு ஒளியணும்?" என்றார்கள் மதினி. அம்மா என்னைப் பார்த்தார்கள். உனக்காகத்தானே எல்லாம் என்று அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது அண்ணா. புதுச்சேலையோடு போய் சலேத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். "இது எங்க அண்ணன் மவ. காது கேக்காது. நல்ல புத்திசாலி. இதுக்கு மேல நீங்க சொல்லுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் தாயார் வடையை வாயருகே கொண்டு போனவர் அப்படியே தட்டில் வைத்துவிட்டார். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எனக்காக என்று சொல்லி இனி யாரும் அவளை ஒளிக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் கிருபை என்று ஒரு டீச்சர். தங்கள் வீட்டுப் பின்னறையை மதினிக்குக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிட்டு ஞாயிறு மாலை திரும்பிப் போகிறார்கள். முதல் நாள் பெட்டியோடு கூண்டையும் எடுத்தபோது, அம்மா என்னைப் பார்த்து, "எல்லாத்தையும் கொண்டு போறா. அந்தச் சனியனையாவது விட்டுட்டுப் போகச் சொல்லு. வீட்ல ஒரு சத்தம் வேண்டாமா?" என்றார்கள். மதினி கூண்டைப் பழைய இடத்திலேயே மாட்டினார்கள். இப்போது கப்பித்தானுக்குக் கொய்யா நறுக்குவது அம்மாதான். திட்டிக்கொண்டேதான் நறுக்குகிறார்கள். அது அந்தத் திட்டையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறது.

இத்துடன் வருவது மதினி தந்த கேசட். அவர்கள் கடிதம் வைக்கவில்லை. "அதே ரூம்ல, அதே ஆளுகளுக்கு முன்னால போடச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்கள்.

உன் தங்கை
விக்டோரியா


துபாய்
23.7.1977

மெட்டில்டாவுக்கு, நீ சுகம் விசாரிக்கவில்லை. நானும் சுகமாக இல்லை. ஆனால் நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

முதல் கேசட்டைப் போட்ட அன்று, ரூமில் கூட இருக்கும் ஜேசுபாதம் என் முதுகில் தட்டி, "ஏலே, ஒம் மவளாலே? என்னா தெளிவாப் பேசுதா!" என்றான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களே கேட்டார்கள். அதற்குப் பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று. சிரிப்பு வரும் இடத்தில் என்ன செய்தேன் என்று கேட்டாய். ஓட்டிவிட்டேன். இத்தனை மாதத்தில் எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்தேன். எழுதியதெல்லாம் கிளி பேசியது போலவே இருந்தது.

புதுக் கேசட் வந்து இரண்டு வெள்ளிக்கிழமை பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நேற்று எடுத்து வைத்தேன். எல்லோரும் கூடினார்கள். "முன்னால நீங்க கேட்டது எங்க வீட்டுக் கிளி. எம் மவ இதுதான்" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினேன்.

அந்த டீச்சர் "ப்பா" என்கிறார்கள். பிறகு சலேத்தின் மூச்சு. பிறகு ஒரு கரகரப்பு. அப்புறம், "ப்பா."

ஜேசுபாதம் சிரித்துவிட்டான். "இது என்னலே, ஆட்டுக்குட்டி கத்துத மாதிரி?" என்றான். நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி முதலிலிருந்து போட்டேன். மறுபடி சிரித்தான். மறுபடி போட்டேன். "போதும்லே" என்றான். "போதாது. எம் மவளுக்குக் காது கேக்காது. தொண்டையில கைய வச்சுப் பாத்துப் பாத்து என்னையக் கூப்பிடுதா. நீ சிரிச்சு முடி, நான் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றேன். மூஸா நெய்னா எழுந்து போய், சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார். இந்த ஜூலை வெயிலில் அதைத் திரும்பப் போடச் சொல்லி ஒருவனும் கேட்கவில்லை. ஜேசுபாதம் தலையைக் குனிந்துகொண்டான்.

டிசம்பரில் லீவு தருகிறார்கள். சலேத் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது கைக்குழந்தையாக இருந்தாள். அடையாளம் தெரியுமா? அவளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லித் தா.

கிளாட்வின்


பாளையங்கோட்டை
14.8.1977

அத்தானுக்கு, உங்கள் உடம்பு சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். மின்விசிறியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

வீரபாண்டியன்பட்டினத்தார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று விக்டோரியா வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடத் தின்றாள். நம் வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லாத இடம் வரும்வரை காத்திருக்கிறாளாம். மாமி என்னோடு இன்னும் நேராகப் பேசுவதில்லை. ஆனால் சனிக்கிழமை நாங்கள் போனால் சலேத்துக்கு மட்டும் தனியாக மீன் பொரித்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் அவளிடம் கையை ஆட்டி "சாப்பிடு" என்று காட்டினார்கள். நான் பார்த்ததும் ஈ விரட்டுவது போலக் கையை மாற்றிக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் முழுவதும் தீரவில்லை அத்தான். தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நேரில் வந்து தீர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். கத்த வேண்டாம், பலனில்லை. மீசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கு உதடு தெரிய வேண்டும். ஸ்டேஷனில் கூட்டம் இருக்கும். அவளைக் கண்டதும் ஆசையில் பின்னாலிருந்து தூக்கிவிடாதீர்கள், பயந்துவிடுவாள். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று தூரத்தில் நின்று என் முகத்தையும் பார்க்காதீர்கள்.

வெளிச்சம் இருக்கும் இடமாகப் பார்த்து, அவளுக்கு முன்னால் வந்து முட்டி போட்டு உட்காருங்கள். அவள் உங்கள் தொண்டையில் கை வைப்பாள். வைத்த பிறகு, உங்கள் வாயால் அவள் பேரைச் சொல்லுங்கள்.

மெட்டில்டா